குள்ளர் வீடாம்!

ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர்ப் பக்கம், பாறைப் பலகைகளை நிறுத்தி, மேலே ஒரு பலகையால் மூடிய கற்றிட்டைகள் பல இருக்கின்றன. சிறிய கல்லறையைக் கண்டவுடனே அதற்குக் “குள்ளர் வீடு” என்று பெயரிட்டு விட்டார்கள். வேறு ஊர்களில் இவையே பாண்டவர் வீடாகும்.

தோழர்களே! முழ உயரக் குள்ளன் பல ஆள் பாரமுள்ள பலகையை எப்படித் தூக்கினான் என்று யாராவது கேட்டதுண்டா? கட்டைவிரலளவு வாலகில்ய முனிவர்களைப் புராணத்தில் நம்பியவர்களுக்கு இது கேட்கத் தோன்றுமா?

உண்மையில் இவை பெருங்கற்கால மனிதர் இறந்தோருக்கு எழுப்பிய ஈமச்சின்னங்களாகும். இவை போன்றவற்றைத் தோண்டினோர் கண்டவை எலும்பும், பானையும், இரும்புமே ஒழியக் குள்ளனின் தட்டுமுட்டுகளல்ல. அடுத்த ஜில்லாவாகிய கிருஷ்ணகிரியின் மயிலாடும்பாறையில் இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-இல் அறிவிக்கப்பட்டது.

சீமையில் டோல்கீன் என்பவர் 1937-இல் குள்ளர் கதை எழுதினார். 1974 முதல் அமெரிக்காவில் குள்ளரையும் ஓர்க்கு என்னும் அரக்கரையும் வைத்து விளையாட்டே விற்கிறார்கள். ஆனால், கதையென்று சொல்லியே விற்கிறார்கள். இங்கோ கதையே சரித்திரமாகிறது!

கல்லைச் சுமந்து நிறுத்தியவன் நம்மைப்போன்ற மனிதன். அவனுடைய உழைப்பைக் குள்ளனுக்கும் பாண்டவனுக்கும் தானம் செய்துவிட்டு, “இம்மலைக்கு ஏது சரித்திரம்?” என்பது எந்த நியாயம்? புதையலாசை கொண்டோர் அக்கற்களைப் பெயர்ப்பதற்கு முன், மலைப் பள்ளிப் பிள்ளைகளுக்காவது உண்மையைச் சொல்லுங்கள்.