மீனுக்குக் காவல்! மனிதனுக்கு?



கரை கட்டியவன் கவலையின்றித் துயில, கரைக்குக் கீழே குடியிருப்பவன் கண்விழித்துக் கிடப்பது நீதியாகுமா? அமெரிக்க நாட்டின் ஜான்ஸ்டவுன் நகரம் 1889ஆம் ஆண்டில் இக்கேள்விக்கு விடை தேடி உயிர்களைப் பறிகொடுத்தது.

பென்சில்வேனியா மாநிலத்தில், அந்நகருக்கு 14 மைல் மேலே, சவுத் ஃபோர்க் என்னுமிடத்தில் இருந்தது ஒரு மண் அணை. கால்வாய்ப் போக்குவரத்துக்காக அரசு கட்டியது. இரயில் வந்தபின் தனியார் கைக்குப் போயிற்று. 1879இல் அதை வாங்கியது பிட்ஸ்பர்க் செல்வர்களின் மீன்பிடி, வேட்டைக் கழகம். கார்னகி, ஃபிரிக், மெல்லன் ஆகிய கோமான்கள் அதன் உறுப்பினர்கள்!

அவர்கள் செய்த அணைப் பராமரிப்பைக் கேளுங்கள். முந்தைய உரிமையாளர் அடிமதகின் இரும்புக் குழாய்களைப் பெயர்த்துப் பழைய இரும்பாக விற்றிருந்தார். கழகம் அவற்றை மீண்டும் பொருத்தவில்லை. வண்டிகள் செல்ல வசதியாகக் கரையின் உச்சியைத் தாழ்த்தியது. வாங்கி விட்ட மீன்கள் வெளியேறாதிருக்கக் கலிங்கின் குறுக்கே கம்பித் தட்டி நிறுத்தியது. மீன் தப்பவில்லை, மனிதன் தப்ப வழியில்லை!

எச்சரிப்பார் இல்லையா? இருந்தனர். 1880இல் ஜான்ஸ்டவுன் இரும்பாலையின் பொறியாளர் ஜான் ஃபுல்டன் அணையைப் பார்த்துக் குறைகளைச் சுட்டினார். ஆபத்தில்லை என்று கழகம் கைகழுவியது.

1889 மே 31. பெருமழை கொட்டியது. மிதந்து வந்த குப்பை கம்பித் தட்டியை அடைத்தது. வெள்ளம் கரை மேல் வழிந்தது, அணை உடைந்தது. 2,209 பேர் மாண்டனர். 99 குடும்பங்கள் பூண்டோடு அழிந்தன.

“மழை செய்த கேடு, மனிதர் என்ன செய்வார்?” என்றனர் கழகத்தார்க்குப் பரிந்து பேசியோர். மழை பெய்தது உண்மை. மதகைப் பிடுங்கியது மழையா? கரையைத் தாழ்த்தியது மழையா? கலிங்கை அடைக்கத் தட்டி நட்டது மழையா? மாற்றங்களால் கேடில்லை என்று 1891இல் பொறியாளர் குழு அறிக்கை தந்தது. கரையைத் தாழ்த்தியதே நீர் வெளியேறும் திறனைப் பெரிதும் குறைத்தது என்று 2016இல் வெளியான ஆய்வு அதனை மறுத்தது. நூற்றாண்டுக்கு மேலாயிற்று, உண்மை தலை தூக்க!

வழக்குகள் தொடுக்கப்பட்டன; கழகத்திடமிருந்து எந்த நீதிமன்றமும் இழப்பீடு பெற்றுத்தரவில்லை. உறுப்பினர் சிலர் நன்கொடை தந்தனர். மறுக்கவில்லை. ஆனால், நன்கொடை கொடுப்பவன் விருப்பம். இழப்பீடு இழந்தவன் உரிமை. முன்னதைக் காட்டிப் பின்னதை மறைப்பது வள்ளன்மையாகுமா?

பழங்கதை என்று ஒதுக்கிவிடாதீர்கள். 2018 மே மாதம், கென்யாவின் சோலாய் பகுதியில் ஒரு தனியார் பண்ணையின் அணை இரவில் உடைந்தது. கீழேயிருந்த சிற்றூர் மக்கள் 40க்கும் மேற்பட்டோர் மடிந்தனர். ஆண்டு மாறிற்று, கண்டம் மாறிற்று, கரைக்குக் கீழே கிடந்தவன் மட்டும் மாறவில்லை!

குளமும் மீனும் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. மீன் வளர்ப்பவன் பிழைக்கட்டும். ஆனால் நீரைத் தேக்குபவன் மூன்று கேள்விகளுக்கு விடை சொல்லியாக வேண்டும். மதகு எங்கே? கலிங்கு திறந்திருக்கிறதா? உடைந்தால் யார் பொறுப்பு?

தோழர்களே, உங்கள் ஊருக்கு மேலே எவர் கரை எழுப்பினாலும் இக்கேள்விகளைக் கேளுங்கள். வெள்ளம் வந்தபின் அல்ல. வானம் வெளுத்திருக்கும்போதே கேளுங்கள். கரை ஒருவன் சொத்தாக இருக்கலாம். கரைக்குக் கீழுள்ள உயிர்கள் எவன் சொத்தும் அல்ல!