'செக்' வந்த வழி

"ஹஸ்ரத், காசோலைக்குச் சொல்லுற 'செக்' அரபுல இருந்து வந்த சொல் என்டு போன வருஷம் சொன்னீங்க. ஒக்ஸ்ஃபோர்ட் அகராதியில வேற மாதிரி இருக்கே?"

வகுப்பில் ஒரு மாணவர் இப்படிக் கேட்டதும் எனக்குத் தர்மசங்கடமாகிவிட்டது. பணம் கொடுப்பதற்கான பத்திரத்துக்கு அரபில் 'ஸக்' என்று பெயர். அதுவே ஆங்கிலேயரிடம் போய் 'செக்' ஆயிற்று என்று பல வருடங்களாகச் சொல்லி வந்திருக்கிறேன். எங்கோ கேட்டது, காதுக்கு இனிமையாக இருந்தது, தேடிப் பார்க்கவில்லை. இம்முறை தேடினேன்.

வாசகர்களே, இச்சொல்லின் வேர் பாரசீகத்து 'ஷாஹ்', அதாவது அரசன். இந்தியாவில் பிறந்த சதுரங்கம் பாரசீகம் போய், பின்பு அரபிகளிடம் 'ஷத்ரஞ்ச்' ஆனது. (அதை ஆடலாமா என்பதில் இமாம்கள் கருத்து வேறுபட்டார்கள்; அது வேறு பாடம்.) அரசனுக்கு ஆபத்து வந்தால் எதிராளி 'ஷாஹ்' என்று எச்சரிப்பார். அரபிகள் வழியாக ஐரோப்பாவுக்குப் போன அந்தச் சத்தம், லத்தீனிலும் பழைய பிரெஞ்சிலும் உருமாறி, ஆங்கிலத்தில் 'செக்' என்று நின்றது. 'செக்மேட்' என்பதும் 'ஷாஹ் மாத்' தான். அரபு படித்தவர்கள் 'மாத்த' என்றால் இறந்தான் என்று உடனே பொருள் சொல்வார்கள். பாரசீகத்தில் 'மாத்' என்றால் திகைத்துப்போனவன். ஆட்டத்தில் அரசன் வெட்டப்படுவதில்லை, போக்கிடமின்றி நிற்கிறான். எனவே பாரசீகப் பொருளே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

அரசனை மறிப்பதிலிருந்து 'தடுத்தல்' என்ற பொருளும், அதிலிருந்து 'சரிபார்த்தல்' என்ற பொருளும் கிளைத்தன. போர்க் காலத்தில் 'செக்பொயின்ட்'டில் பஸ்ஸை விட்டிறங்கி அடையாள அட்டையுடன் வரிசையில் நின்றோமே, அங்கே இரண்டும் ஒன்றாக நடந்தன. பலகையின் கட்டங்களோ துணிக்குப் போயின. நாம் உடுக்கும் 'செக்' சாரம் அந்த வகை.

12ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அரச வருமானக் கணக்கு ஏறத்தாழ 10 அடி நீளமும் 5 அடி அகலமுமான ஒரு மேசையில் பார்க்கப்பட்டது. ரோம எண்களை வைத்துக் கூட்டிக் கழிப்பது பெரும்பாடு. ஆகவே கட்டமிட்ட துணி விரித்து, பவுண், ஷில்லிங், பென்ஸ் என நிரை வகுத்து, வில்லைகளை நகர்த்தினார்கள். சதுரங்கப் பலகை போலிருந்ததால் அந்தக் கணக்கு மன்றுக்கு 'எக்ஸ்செக்கர்' என்று பெயர் வந்தது. பிரித்தானிய நிதியமைச்சரின் பதவிப் பெயரில் அது இன்னும் இருக்கிறது.

காசோலைக்கு வருவோம். 18ஆம் நூற்றாண்டில், மோசடியைத் தடுக்க வைத்துக்கொண்ட அடிக்கட்டைக்குத்தான் 'செக்' என்று பெயர். பிறகே அது கிழித்துக் கொடுக்கும் தாளுக்குப் போயிற்று. 'எக்ஸ்செக்கர்' சாயலில் ஆங்கிலேயர் எழுத்தை மாற்றிக்கொண்டார்கள். அமெரிக்கர் பழைய எழுத்தையே வைத்திருக்கிறார்கள். அங்கே சாப்பாட்டுக்கடை பில்லும் 'செக்' தான்.

'ஸக்' பொய்யல்ல. 10ஆம் நூற்றாண்டுப் பயணி இப்னு ஹவ்கல், ஆபிரிக்காவின் அவ்தகுஸ்தில் 42,000 தீனாருக்கான ஸக் ஒன்றைக் கண்டதாக எழுதியிருக்கிறார். வழக்கம் நம்மிடம் முன்பே இருந்தது; ஆங்கிலச் சொல் மட்டும் அதிலிருந்து வரவில்லை.

மறுநாள் வகுப்பில் இதைச் சொல்லி, பழைய பாடக் குறிப்பில் அந்த வரியை வெட்டினேன். மாணவர் விடவில்லை.

"அப்ப 'ஸக்' சரி அரபுதானே ஹஸ்ரத்?"

லிஸானுல் அரபை எடுத்து அவரையே வாசிக்கச் சொன்னேன். 'சக்' என்ற அந்நியச் சொல் அரபு வடிவம் பெற்றது என்று வாசித்தார். அதுவும் பாரசீகம்தான்.