தீவுப் பயணமும் நம் பழவேற்காடும்

உலகைக் கண்டு அறிவு பெறுதலும் கல்வியின் ஒரு கூறே என்பதை மறுப்பாரிலர். அக்காட்சியைக் கடல்வழியே பெற விழைவோர் தொகை இக்காலத்தில் பெருகி வருகின்றது. கரிபியன் கடலிலும் ஆஸ்திரேலியக் கரையிலும் பாய்ப்படகை வாடகைக்கு எடுத்து, நாளொரு தீவாகத் தங்கிச் செல்லும் விடுமுறைகளைப் பற்றி நம் மாணவ நண்பர்கள் ஆவலோடு பேசிக்கொள்கின்றனர். அவ்வாவலை நாம் குறை கூறோம். ஆயினும், அத்தகைய பயணத்திற்கு வேண்டிய அறிவை முதற்கண் நம் திருவள்ளூர் மாவட்டத்துப் பழவேற்காட்டு ஏரியிலேயே பயிலலாம் என்பதும், பயிலாது படகேறுவோர் தமக்கும் பிறர்க்கும் கேடு விளைப்பர் என்பதும் எமது துணிபு.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் ஆலைப் புகைக்கு அப்பால், ஆரணியாறு வந்து கலக்கும் இவ்வுப்புநீர் ஏரி, இந்தியாவில் சிலிகாவுக்கு அடுத்த பெருமையுடையது. இதன் பெரும்பகுதி ஆந்திர நாட்டைச் சேர்ந்தது. இருக்கம், வேனாடு முதலிய தீவுகள் இதனுள் உள்ளன. ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே அணைபோல் நீண்டு கிடப்பது ஸ்ரீஹரிகோட்டா. 1613-ஆம் ஆண்டில் டச்சுக்காரர் கெல்டிரியாக் கோட்டையை எழுப்பிய ஊரும் இதுவே. கோட்டை இன்று அழிந்து புதர் மண்டிக் கிடப்பினும், அவர்தம் கல்லறைகளின் சிற்ப வேலைப்பாடு காண்போர் கருத்தைக் கவரும். ஆகவே, காணத்தக்கன இங்கே இல்லை என்று கூறுதல் பொருந்தாது.

இனி, பயணத் திட்டம் யாது? முதலாவது பருவம். கரிபியன் கடலில் ஜூன் முதல் நவம்பர் வரை சூறாவளிக் காலமாதலின், அறிந்தோர் அம்மாதங்களில் அங்கே பாய் விரிக்கத் தயங்குவர். நமக்கோ அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்று வீசும் காலம். 2016-ஆம் ஆண்டு டிசம்பரில் வர்தா புயல் சென்னையருகே கரையைக் கடந்ததை யாவரும் அறிவர். மழை ஓய்ந்தபின் வரும் ஜனவரி, பிப்ரவரி மாதங்களே ஏற்றவை. பூநாரைகள் திரள்திரளாய் வந்து தங்குவதும் அக்காலத்திலேதான். வாடை, தென்றல், கொண்டல், கோடை எனத் திசைதோறும் காற்றுக்குப் பெயரிட்ட மொழி நம்முடையது. அப்பெயர்களைத் தேர்வுக்காக மட்டும் மனனம் செய்தல் நன்றன்று.

இரண்டாவது ஆழம். இவ்வேரி பரந்ததேயன்றி ஆழ்ந்ததன்று. பல இடங்களில் ஓராள் நின்று நடக்கலாம். ஆழ்ந்த அடிப்பகுதியுடைய மேலைநாட்டுப் பாய்க்கப்பல் இங்கே சேற்றில் தரைதட்டிப் போகும். தட்டையான அடியுடைய படகே இந்நீருக்கு ஏற்றது. இதற்கு மாறாக, முகத்துவாரத்திலோ நீரோட்டமும் அலையும் ஒன்றோடொன்று மோதும். கோடையில் அது மணலால் தூர்ந்து போவதும் உண்டு. ஏரியின் அமைதியைக் கண்டு முகத்துவாரத்தையும் அவ்வாறே எண்ணுதல் பேதைமை. ஆழம் அறியாமல் காலை விடாதே என்பது இங்கே வெறும் பழமொழியன்று.

மூன்றாவது சட்டமும் பிறர் உரிமையும். தமிழ்நாட்டுப் பகுதி 1980 முதல் பறவைகள் சரணாலயமாக உள்ளது. ஸ்ரீஹரிகோட்டாவிலோ 1971 முதல் ராக்கெட்டுகள் ஏவப்பட்டு வருகின்றன. நினைத்தவிடத்தில் கரையேறுதல் அங்கே இயலாது. இவற்றினும் நுட்பமானது மீனவர்தம் பாட்டுமுறை. வலையிடும் இடங்களைச் சீட்டுப் போட்டு முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு அது. தன் முறை வந்த நாளில் ஒருவன் கட்டிய வலையை நம் உல்லாசப் படகு கிழிக்குமாயின், அவன் இழப்பது வலையை மட்டுமோ? காத்திருந்து பெற்ற நாளையும் அன்றோ இழக்கின்றான்!

2011-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள், விடுமுறை கொண்டாட வந்தோர் ஏறிய படகு இங்கே கவிழ்ந்தது. குழந்தைகள் உட்பட 20-க்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்கள் உயிர்காப்புச் சட்டை அணிந்திருக்கவில்லை. அதன்பின் சுற்றுலாப் படகுகளுக்குத் தடை விதிக்கப்பட்டது. அத்துயரத்தின் முன் அத்தடை நியாயமானதே. ஆயினும், தடை ஒன்றே என்றைக்கும் போதுமான காவலாகுமோ? ஏரியைக் காண வருவோர் வந்துகொண்டேதான் இருப்பர். முறையான படகு இல்லாவிடின், முறையற்ற படகை மறைவில் நாடுவோர் தோன்றுவர். மறைவில் ஓடும் படகில் ஆட்கணக்கு ஏது? மிதவை ஏது? ஆகவே, ஏரியை நன்கறிந்த மீனவர்தம் கூட்டுறவின் பொறுப்பில், படகுக்கு இத்தனை பேர் என வரையறுத்து, ஒவ்வொருவருக்கும் உயிர்காப்புச் சட்டை அளித்து, முகத்துவாரத்தை விலக்கி, பகலில் மட்டும் செல்லும் பயணத்தை அரசினர் ஏற்படுத்துதலே தக்க வழி என்போம். அதனால் மீனவர்க்கும் வருவாயுண்டு, வருவோர்க்கும் காவலுண்டு. அனுமதி இல்லாத நாளில் கரையோடு நின்று கல்லறைகளையும் பறவைகளையும் கண்டு திரும்புதல் கோழைத்தனம் ஆகாது.

நம் கல்லூரிக்கும் இதில் கடமையுண்டு. நீந்தக் கல்லாத மாணவன் படகேறும் திட்டம் வகுத்தல், எழுத்தறியாதவன் நூல் எழுதப் புகுவதை ஒக்கும். விளையாட்டுத் துறையினர் நீச்சற் பயிற்சியையும், பூகோள வகுப்பினர் காற்றும் நீரும் பற்றிய பாடத்தையும் ஏரிக்கரையிலேயே நடத்தலாம். மீனவருள் மூத்தாரை அழைத்து ஆசானாக அமர்த்தி, அவர் சொல்லக் கேட்கலாம். இவ்வாறு பயின்றோர் நாளை அந்தமானுக்கோ அதற்கு அப்பாலோ பாய் விரிப்பாராயின், நாம் அஞ்சாமல் வழியனுப்புவோம்.