சிறு நூல்களுக்கு அஞ்சும் துப்பாக்கிகள்

2013 ஆகஸ்ட் 20 அன்று புனேயில் நரேந்திர தபோல்கர் சுட்டுக் கொல்லப்பட்டார். 2015 பிப்ரவரி 16 அன்று கோலாப்பூரில் தோழர் கோவிந்த் பன்சாரேயும் அவரது துணைவியார் உமாவும் சுடப்பட்டனர். நான்கு நாட்களில் பன்சாரே உயிர் நீத்தார். அதே ஆண்டு ஆகஸ்ட் 30 அன்று தார்வாட்டில் எம்.எம்.கல்புர்கி, 2017 செப்டம்பர் 5 அன்று பெங்களூருவில் கௌரி லங்கேஷ். நான்கே ஆண்டுகளில் நான்கு உயிர்கள்.

நால்வரில் ஒருவர் மருத்துவர், ஒருவர் கம்யூனிஸ்ட் தலைவர், ஒருவர் ஹம்பி கன்னடப் பல்கலைக்கழகத்தின் முன்னாள் துணைவேந்தர், ஒருவர் பத்திரிகையாளர். நால்வருக்கும் பொதுவானது ஒன்று உண்டு. இவர்கள் மராத்தியிலும் கன்னடத்திலும், எளிய மக்கள் எடுத்துப் படிக்கும் வடிவில் எழுதினார்கள். பன்சாரேயின் ‘சிவாஜி யார்?’ ஓர் உரையாகத் தொடங்கி 1988-இல் சிறு நூலாக வெளிவந்தது. விவசாயிகளை நிலவுடைமையாளர்களின் கொள்ளையிலிருந்து காத்த மன்னராக, முஸ்லிம்களைத் தம் படையில் உயர் பொறுப்புகளில் அமர்த்தியவராக சிவாஜியை அது காட்டியது. லட்சத்திற்கும் மேற்பட்ட பிரதிகள் மக்களிடம் சென்றன. சிவாஜியின் பெயரால் மதவெறி வளர்ப்போருக்கு அந்த நூல் எத்தகைய இடையூறாக இருந்திருக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை. தபோல்கர் ‘சாதனா’ வார இதழின் ஆசிரியர். கௌரி லங்கேஷ் விளம்பரம் வாங்காமல் வாசகரை மட்டுமே நம்பிக் கன்னட வார இதழ் நடத்தியவர். கல்புர்கி, சாதியையும் சடங்கையும் எதிர்த்த வசன இலக்கியத்தைப் பதிப்பித்து விளக்கியவர்.

இவர்கள் தொட்டது அன்றாட வாழ்வை. யார் யாரை மணப்பது, யார் வீட்டில் உண்பது, நோய்க்கு மருத்துவரிடம் போவதா மந்திரவாதியிடம் போவதா என்பன வெறும் பழக்கவழக்கங்களாகத் தோன்றலாம். ஆனால் சாதியும் ஆணாதிக்கமும் நிலவுடைமையும் நிலைத்திருப்பது இவற்றின் வழியாகத்தான். பன்சாரே சாதி மறுப்புத் திருமணங்களுக்குத் துணை நின்றார். தபோல்கர் நிறுவிய மூடநம்பிக்கை ஒழிப்பு அமைப்பு, சாதிப் பஞ்சாயத்துகளின் ஊர்விலக்குக் கொடுமைக்கு எதிராக இயக்கம் நடத்தியது. ஜார்க்கண்ட், பீகார், ஒடிசா போன்ற மாநிலங்களில் ‘சூனியக்காரி’ எனப் பழி சுமத்தி அடித்துக் கொல்லப்படும் பெண்களில் பலர் கைம்பெண்கள். பழிக்குப் பின்னால் அவர்களது துண்டு நிலத்தின் மீதான ஆசை மறைந்திருப்பதும் உண்டு. மூடநம்பிக்கையால் லாபம் அடைவோர் இருக்கும்வரை அது தானாக மறையாது.

ஆட்சியாளர்கள் செய்தது என்ன? பல ஆண்டுகள் கிடப்பில் கிடந்த சூனிய ஒழிப்புச் சட்டத்தை மகாராஷ்டிர அரசு அவசரச் சட்டமாகக் கொண்டுவந்தது தபோல்கர் கொல்லப்பட்ட பிறகுதான். ஊர்விலக்குக்கு எதிரான சட்டத்தை அம்மாநிலச் சட்டமன்றம் 2016-இல் நிறைவேற்றியது. சூனியக் கொடுமைக்கு எதிராகச் சில மாநிலங்களில் சட்டங்கள் உள்ளன. நாடு முழுமைக்குமான சட்டம் எதுவும் இல்லை. அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் கடமை என்று அரசியல் சாசனத்தின் 51-ஏ பிரிவு கூறுகிறது. ஒன்றிய அரசின் நிதியில் இயங்கும் இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகமோ 2021-இல் சோதிடத்தில் முதுகலைப் படிப்பைத் தொடங்கியது. காலையில் ராசிபலனும் இரவில் மதவெறி விவாதமும் ஒளிபரப்பும் பெருமுதலாளிகளின் தொலைக்காட்சிகளுக்கு இந்த முரண்பாடு கண்ணில் படுவதே இல்லை.

நீதியும் நொண்டி நடை போடுகிறது. தபோல்கர் வழக்கில் தீர்ப்பு வந்தது 2024 மே மாதத்தில், ஏறத்தாழ 11 ஆண்டுகளுக்குப் பின். சுட்ட இருவருக்கு ஆயுள் தண்டனை. முதன்மைச் சதிகாரர் என்று குற்றம் சாட்டப்பட்டவர் உட்பட மூவர் விடுவிக்கப்பட்டனர். விசையை அழுத்திய விரல் தெரிகிறது, விரலை ஏவிய கை இன்னும் இருளில் இருக்கிறது. மற்ற வழக்குகளின் விசாரணையும் ஆண்டுக்கணக்கில் இழுத்தடிக்கப்பட்டது.

இந்தக் கொலைகளின் பின்னாலுள்ள சதி முழுமையாக வெளிக்கொணரப்பட வேண்டும். சூனியக் கொடுமைக்கும் ஊர்விலக்குக்கும் எதிராக நாடு தழுவிய சட்டம் வேண்டும். ஆனால் சட்டம் மட்டும் போதாது என்பதை அந்த நால்வரும் அறிந்திருந்தார்கள். அதனால்தான் அவர்கள் எழுதினார்கள், பத்திரிகை நடத்தினார்கள், ஊர் ஊராகச் சென்று பேசினார்கள். கொலைகாரர்கள் அஞ்சியது அந்தப் பணிக்குத்தான். சிறு நூல்களையும் முற்போக்கு இதழ்களையும் தொழிற்சாலை வாயிலுக்கும் கிராமத்துத் தேநீர்க் கடைக்கும் கொண்டு சேர்ப்பது, வாசிப்பு வட்டங்களை அமைப்பது, சாதி மறுத்து மணப்போருக்கு அரணாக நிற்பது ஆகியவை இடதுசாரி இயக்கத்தின் அன்றாடக் கடமைகள். அவர்கள் விட்டுச் சென்ற பணியைத் தொடர்வதே அந்த நால்வருக்கும் செலுத்தும் உண்மையான அஞ்சலி.