சரக்கு எது?

சென்ற வாரம் ஊரிலிருந்து வந்திருந்த என் தங்கையின் மகன், வணிகவியல் பயிலும் மாணவன், இரவுச் சாப்பாட்டுக்குப் பின் என்னருகே வந்து உட்கார்ந்து, "கார்பன் சந்தையைப் பற்றி மூன்று கட்டுரைகள் வாசித்துவிட்டேன் மாமா, விற்கிறவன் தெரிகிறான், வாங்குகிறவன் தெரிகிறான், விலையும் தெரிகிறது, ஆனால் சரக்கு எது என்று மட்டும் பிடிபடவில்லை" என்றான். அவன் கேள்வியை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. பூமியின் வெப்பத்தைத் தணிப்பதற்கென்று ஏற்பட்ட இந்த வியாபாரத்தில் விளைந்த நன்மையும் தீமையும், அந்த ஒரு கேள்விக்கு அவ்வப்போது அளிக்கப்பட்ட விடையைப் பொறுத்தே அமைந்தன என்பது என் அபிப்பிராயம்.

ஆலைப் புகையினால் அக்கம்பக்கத்தார் அடையும் நஷ்டம் ஆலைக்காரரின் கணக்கில் ஏறுவதில்லையாதலால், அதை வரியாக விதித்து அவர் கணக்கிலேயே ஏற்றவேண்டும் என்ற யோசனைக்கு, கேம்பிரிட்ஜ் பேராசிரியர் பிகு 1920-இல் வெளியிட்ட நூலே மூலம். கனடாவின் ஜான் டேல்ஸ் 1968-இல் வேறொரு மார்க்கம் சொன்னார்: மொத்தத்தில் இவ்வளவு மாசுதான் அனுமதிக்கப்படும் என்று வரம்பு கட்டி, அந்த வரம்பைச் சீட்டுகளாகப் பிரித்து, சீட்டுகளை மாசு செய்வோர் தமக்குள் விற்கவும் வாங்கவும் விட்டுவிடலாம் என்றார். அமில மழைக்குக் காரணமான கந்தகப் புகையைக் குறைக்க அமெரிக்கா 1995 முதல் இதைப் பிரயோகித்துப் பலன் கண்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2005-இல் கரியமில வாயுவுக்கும் அதையே கைக்கொண்டது.

ஆகவே முதல் வகைச் சரக்கு, ஒரு டன் கரியமில வாயுவை வெளியிடுவதற்கான அனுமதிச் சீட்டு. சிக்கனமாக நடத்தி மிச்சம் பிடித்த ஆலை அதை விற்கும். மிஞ்சிப் போன ஆலை அதை வாங்கும். சீட்டுக்கு மதிப்பு அதன் அருமையினால் வருவது. அருமையோ வரம்பின் கண்டிப்பினால் வருவது. உச்சவரம்பு என்று சட்டத்தில் எழுதிவிட்டு விலக்குகளால் அதைக் கரைத்துவிட முடியும் என்பதை நிலச் சட்டத்தின் வரலாற்றில் நாம் கண்டிருக்கிறோம். ஐரோப்பாவிலும், முதல் மூன்றாண்டுகளுக்குத் தேவைக்கு மேற்பட்ட சீட்டுகள், அதுவும் பெரும்பாலும் இலவசமாக, வழங்கப்பட்டிருந்தன என்ற உண்மை 2006 ஏப்ரலில் வெளிப்பட்ட மாத்திரத்தில், 30 யூரோ வரை ஏறியிருந்த விலை சரிந்து, 2007-இன் இறுதியில் ஏறக்குறைய பூஜ்யமாயிற்று. பிறகு வரம்பை ஆண்டுதோறும் இறுக்கி, தேங்கிய சீட்டுகளைச் சந்தையிலிருந்து விலக்கி வைத்ததன் பயனாக, 2023 பிப்ரவரியில் அதே சீட்டு 100 யூரோவைத் தாண்டியது. அத்திட்டத்துக்கு உட்பட்ட மின் நிலையங்களும் ஆலைகளும் வெளியிடும் வாயு, 2005-இல் இருந்ததில் ஏறத்தாழப் பாதியளவாகக் குறைந்திருக்கிறது.

இரண்டாவது வகைச் சரக்கைப் பற்றித்தான் எனக்கு ஆழ்ந்த கவலை உண்டு. 1997-இன் கியோட்டோ உடன்படிக்கை, வளரும் நாட்டில் ஒருவர் புகையைக் குறைத்தால், குறைந்த ஒவ்வொரு டன்னுக்கும் ஒரு கிரெடிட் பெற்று, அதைச் செல்வ நாட்டு ஆலைகளுக்கு விற்கலாம் என்று வழி செய்தது. இங்கே விற்கப்படுவது, நடந்திருக்கக் கூடியதாயிருந்து நடவாமற்போன ஒன்று. இத்திட்டம் இல்லாவிடில் எவ்வளவு புகை எழுந்திருக்கும் என்ற அனுமானத்திலிருந்து, எழுந்த புகையைக் கழித்தால் கிடைப்பதே கிரெடிட். அனுமானம் பிசகினால் சரக்கே இல்லை.

குளிர்சாதனங்களுக்கான எச்.சி.எஃப்.சி.-22 என்ற வாயுவைத் தயாரிக்கையில் எச்.எஃப்.சி.-23 என்ற கழிவு வாயு சிறிதளவு உண்டாகும். கியோட்டோ கணக்கின்படி அதன் ஒரு டன், கரியமில வாயுவின் 11,700 டன்னுக்குச் சமானம். எனவே சீனத்திலும் இந்தியாவிலும் உள்ள ஆலைகள் அதை எரித்தழித்து, டன்னுக்கு 11,700 கிரெடிட் வீதம் பெற்றன. இவ்வாறு 2012 வரை கிடைக்கவிருந்த கிரெடிட்டுகளின் மதிப்பு ஏறத்தாழ 470 கோடி யூரோ என்றும், எரிப்பதற்கு ஆகும் மெய்யான செலவு 10 கோடி யூரோவுக்கும் குறைவே என்றும் அமெரிக்க ஆய்வாளர் மைக்கேல் வாரா 2007-இல் எடுத்துக்காட்டினார். கழிவை எரிப்பதில் வரும் லாபத்துக்காகவே சில ஆலைகள் உற்பத்தியைப் பெருக்கின என்ற குற்றச்சாட்டும் 2010-இல் வலுவாக எழுந்தது. ஐரோப்பா 2013 மே முதல் இந்தக் கிரெடிட்டுகளை ஏற்க மறுத்தது. 2016 அக்டோபரில் இந்திய அரசாங்கம், இவ்வாலைகள் தம் சொந்தச் செலவிலேயே அவ்வாயுவை எரிக்கவேண்டும் என்று உத்தரவிட்டது. நூற்றுக்கணக்கான கோடிகள் கொட்டிச் செய்விக்கப்பட்ட காரியம் ஓர் உத்தரவினாலேயே ஆகக்கூடியதாயிருந்தது என்பதை நினைக்கும்போது, அப்பணத்தால் வேறு என்னென்ன ஆகியிருக்கும் என்று மனம் வேதனைப்படாமலிருக்க முடியவில்லை.

"அப்படியானால் இது முழுவதும் வீண்தானா மாமா?" என்று கேட்டான். அவ்வாறு சொல்ல எனக்குத் துணிவில்லை. பூமியின் வெப்பத்தைச் சமாளிப்பதற்கென்று வளரும் நாடுகளுக்குச் செல்வ நாடுகள் 2020-க்குள் ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் திரட்டித் தருவதாக 2009-இல் கோபன்ஹேகனில் கொடுத்த வாக்கு 2022-இல்தான் நிறைவேறியது. அதிலும் அரசாங்கங்கள் வழியே வந்ததில் பெரும்பகுதி கடன், திருப்பித் தரவேண்டிய பணம். இதற்கு மாறாக, கியோட்டோ கிரெடிட்டுகளில் நூற்றுக்கு 2 வீதம் எடுத்து விற்று, அந்தப் பணத்தைத் தகவமைப்பு நிதி என்ற பெயரால், வெப்பத்தின் கேட்டை ஏற்கெனவே அனுபவிக்கும் ஏழை நாடுகளுக்குக் கடனாக அல்லாமல் மானியமாகவே கொடுத்தார்கள். 2008-இல் 20 யூரோவுக்கு மேல் விற்ற கிரெடிட் 2012-இன் முடிவில் ஒரு யூரோவுக்கும் கீழே விழுந்தபோது, அந்த நிதியின் ஊற்றும் வற்றியது. பின்னர் அது அரசாங்கங்களின் நன்கொடையை எதிர்பார்த்தே நிற்கலாயிற்று.

எனினும், வற்றுமுன் 2010-இல் அந்த நிதி முதன்முதலாக உதவிய நாடு மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல். கடல் கரையை அரித்து வீடுகளை நெருங்கிக்கொண்டிருந்த ரூஃபிஸ்க் என்ற ஊரில் அலையைத் தடுக்கச் சுவர் எழும்பியது. ஜோவால் பகுதியில் உப்புநீர் நெல்வயல்களில் ஏறாதபடி தடுப்பணை கட்டினார்கள். அவ்விரண்டு ஊர்ப் பெயர்களையும் எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொல்லி, என் மருமகன் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டான்.