டீசல் கணக்கும் டிரைவர் பேட்டாவும்

சித்தூரில் சரக்கு வண்டிகள் நிற்கும் ஒரு ஸ்டாண்டில், சில மாதங்களுக்கு முன் நான் கண்ட காட்சி இது. வாங்கி இரண்டு மாதமே ஆன பிக்-அப் வண்டி. சீட்டின் பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. டிரைவர் குடியாத்தம் பக்கத்துப் பையன். முதலாளியும் நம்மவர்தான், இரண்டு தலைமுறையாகச் சித்தூரில் இருப்பவர். இருவருக்கும் வாக்குவாதம்.

"வண்டி வித்தவன் லிட்டருக்குப் பதினேழுன்னு சொன்னான். நீ பன்னிரண்டுகூடக் காட்ட மாட்டேங்கிறே. மிச்ச டீசல் எங்கேடா போச்சு?" என்றார் முதலாளி.

"நான் என்ன டீசலையா குடிக்கிறேன் அண்ணே?" என்றான் பையன்.

மாதத்துக்கு 2,500 கிலோ மீட்டர் ஓடும் வண்டி. முதலாளியின் கணக்குப்படி 60 லிட்டருக்கு மேல் காணவில்லை. அத்தனைக்கும் பிடிக்காமல் பேட்டாவில் 1,800 ரூபாய் மட்டும் பிடித்தது அவருடைய தாராள மனசு என்று சொல்ல வேண்டும்!

திருப்பதியிலும் சித்தூரிலும் இப்படிப் பேட்டா இழக்கும் டிரைவர்கள் பலர் உண்டு. இதில் டிரைவர் சொல்வதெல்லாம் சத்தியம் என்று நான் வாதாட வரவில்லை. கேனில் ஐந்து லிட்டர் இறக்கி வழியில் விற்றுவிட்டு வருபவர்களும் இருக்கிறார்கள். ஸ்டாண்டில் யாரைக் கேட்டாலும் அதற்குக் கதை சொல்வார்கள். ஆனால் ஒருவனைத் திருடன் என்று சொல்லுமுன் அளந்து பார்க்க வேண்டாமா? அந்த 17 என்ற எண் எங்கிருந்து வந்தது என்றாவது கேட்க வேண்டாமா?

வண்டியின் மைலேஜ் என்று நாம் விளம்பரத்தில் பார்க்கும் எண், சோதனைக் கூடத்தில் பிறப்பது. புனேயில் 1966 முதல் இருந்துவரும் ஆட்டோமோடிவ் ஆராய்ச்சிக் கழகம் போன்ற இடங்களில், வண்டியை உருளைகளின்மேல் நிறுத்தி, இத்தனை விநாடி இந்த வேகம் என்று வகுத்த அட்டவணைப்படி ஓட்டிப் பார்ப்பார்கள். ஒரு வண்டியை இன்னொரு வண்டியோடு ஒப்பிட அது நல்ல முறைதான். ஆனால் முழுச் சரக்கை ஏற்றிக்கொண்டு செய்யும் சோதனை அல்ல அது. அங்கே மொகிலி கனுமா இல்லை. பாகராப்பேட்டைக் கணவாய் இல்லை. மாங்காய்க் கூழ் ஆலை வாசலில் அங்குலம் அங்குலமாக நகரும் வரிசையும் இல்லை. 2025 சீசனில் தோத்தாபுரி விலை சரிந்து, ஆலை வாசல்களில் மாங்காய் வண்டிகள் நாள் கணக்கில் காத்து நின்றதை நாம் எல்லோரும் பார்த்தோம். இரண்டரை லிட்டர் டீசல் எஞ்சின் நின்ற இடத்தில் ஒரு மணி நேரம் ஓடினால் சுமார் அரை லிட்டரைத் தின்றுவிடும். கிலோ மீட்டர் மீட்டரோ அசையாது. அந்த அரை லிட்டரை யார் கணக்கில் எழுதுவது?

மேட்டுக் கணக்கு இதைவிடப் பெரிது. திருமலையையே எடுத்துக்கொள்வோம். 1944இல் திறந்த முதல் மலைப்பாதை இப்போது இறங்குவதற்கு. 1974இல் வந்த இரண்டாவது பாதை ஏறுவதற்கு. கீழ்த் திருப்பதிக்கும் மேல் திருமலைக்கும் உயர வித்தியாசம் ஏறத்தாழ 700 மீட்டர். வண்டியும் சரக்கும் சேர்ந்து இரண்டரை டன் என்றால், அந்தப் பாரத்தை அவ்வளவு உயரம் தூக்குவதற்கு மட்டும், எஞ்சினில் வீணாகும் சூட்டையும் சேர்த்து, சுமார் ஒன்றரை லிட்டர் டீசல் வேண்டும். சக்கரம் உருளுவதற்கும் காற்றைக் கிழிப்பதற்கும் ஆகும் செலவு தனி. சுமார் 18 கிலோ மீட்டர் ஏற்றத்தில் லிட்டருக்கு ஏழெட்டு கிடைத்தாலே டிரைவரைப் பாராட்டலாம். இதைத் திருட்டு என்றால் ஏழுமலையானே வந்து சாட்சி சொன்னாலும் செல்லாது.

சரி, எப்படித்தான் அளப்பது? பழைய முறையே நல்ல முறை. டேங்க்கை நிரப்ப வேண்டும். பம்பின் நாசில் தானாக நின்றதும் நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் ரூபாயைச் சரிசெய்யச் சொட்டுச் சொட்டாக விடக் கூடாது. மீட்டர் எண்ணை எழுதிக்கொள்ள வேண்டும். வழக்கம்போல் ஓட்டிவிட்டு, மறுபடி அதே பங்க்கில், முடிந்தால் அதே பம்பில், அதேபோல் நிரப்ப வேண்டும். இரண்டாவது முறை எத்தனை லிட்டர் பிடித்ததோ அதுதான் செலவு. ஓடிய தூரத்தை அதனால் வகுத்தால் மைலேஜ். 'ஐநூறு ரூபாய்க்குப் போடு' என்று போட்டுக்கொண்டு, எரிபொருள் முள்ளைப் பார்த்துக் கணக்குச் சொல்வது கணக்கே அல்ல. அந்த முள் பாதி டேங்க் வரை சோம்பலாக இறங்கும். பிறகு ஓட்டமாக ஓடும்.

ஒரு நிரப்பலை மட்டும் வைத்து முடிவு கட்டுவதும் தவறு. வண்டி சற்றுச் சாய்ந்து நின்றாலே ஓரிரண்டு லிட்டர் கூடும், குறையும். ஐந்து நிரப்பல்களைக் கூட்டி மொத்தமாக வகுத்தால் இந்தப் பிழை அமுங்கிவிடும். மீட்டர் சரியாக ஓடுகிறதா என்பதை நெடுஞ்சாலையின் கிலோ மீட்டர் கல் பத்தை எண்ணிப் பார்த்து உறுதிசெய்துகொள்ளலாம். பங்க்கின் மேல் சந்தேகம் வந்தால், 5 லிட்டர் அளவுப் பாத்திரத்தில் ஊற்றிக் காட்டும்படி கேட்க வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு. ஐந்து லிட்டருக்கு 25 மில்லி லிட்டர் வரைதான் கூடுதல் குறைவு அனுமதி. நம்மவர்கள் கேட்பதற்குக் கூச்சப்படுகிறார்கள். தெலுங்கில் கேட்கத் தெரியவில்லை என்றால் தமிழிலேயே கேளுங்கள். சித்தூரில் புரியாத பங்க் எது?

பங்க் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. ஆந்திர அரசு 2020இல் டீசலுக்கு 22.25 சதவீத வரியும், அதன்மேல் லிட்டருக்கு 4 ரூபாயும், சாலை மேம்பாட்டுக்கென்று தனியாக 1 ரூபாயும் விதித்தது. அதனால் எல்லை தாண்டி வேலூர்ப் பக்கம் போய் நிரப்பிக்கொண்டு வருவதைச் சாமர்த்தியம் என்று நினைப்பவர்கள் உண்டு. லோடு அந்தப் பக்கம் போகும்போது நிரப்பினால் லாபம்தான். டீசலுக்கென்றே வெறும் வண்டியை ஓட்டிப் போனால்? லிட்டருக்கு 5 ரூபாய் மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். 40 லிட்டருக்கு 200 ரூபாய். போகவர 60 கிலோ மீட்டருக்குச் செலவாகும் டீசல் நாலு லிட்டருக்கு மேல். லிட்டர் 95 ரூபாய் என்றால் 400 ரூபாய். மிச்சம் பிடிக்கப் போய் 200 ரூபாய் நஷ்டம். இந்த ஓட்டத்தையும் கடைசியில் டிரைவரின் மைலேஜில்தான் சேர்க்கிறார்கள்.

ரயில்வேயில் வேலை பார்ப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்ல ஆசைப்படுகிறேன். டீசல் எஞ்சின் எவ்வளவு எண்ணெய் குடித்தது என்பதை ரயில்வே வெறும் கிலோ மீட்டரை வைத்துக் கணக்கிடுவதில்லை. 1,000 மொத்த டன் கிலோ மீட்டருக்கு எத்தனை லிட்டர் என்றுதான் பார்க்கும். அதாவது எவ்வளவு தூரம் போனாய் என்பதோடு, எவ்வளவு பாரத்தை இழுத்தாய் என்ற கேள்வியும் அதில் இருக்கிறது. காலி வேகன்களை இழுத்த எஞ்சினையும், நிலக்கரி ஏற்றிய வேகன்களை இழுத்த எஞ்சினையும் ஒரே தராசில் வைத்தால் யார்தான் ஒப்புவார்கள்?

பிக்-அப் வண்டிக்கு மட்டும் அப்படித்தான் செய்கிறோம். சித்தூரிலிருந்து திருப்பதி சுமார் 70 கிலோ மீட்டர். ஒருவன் 1.2 டன் காய்கறியை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்புகிறான், லிட்டருக்கு 12.5 கிடைக்கிறது. இன்னொருவன் திரும்பும்போது அதே எடைக்கு மாட்டுத் தீவனம் ஏற்றி வருகிறான், அவனுக்கு 11.5தான் கிடைக்கிறது. முதலாளியின் கண்ணுக்கு முதலாமவன் நல்ல பிள்ளை. ஆனால் சரக்கோடு பெருக்கிப் பாருங்கள். முதல் வண்டி ஒரு லிட்டரில் செய்த வேலை ஏழரை டன் கிலோ மீட்டர். இரண்டாவது செய்தது பதின்மூன்றே முக்காலுக்கு மேல். ஏறத்தாழ இரண்டு மடங்கு வேலை செய்தவனுக்குப் பேட்டா வெட்டு!

இதெல்லாம் டிரைவர்கள் தங்கள் பங்கைச் செய்யாமல் இருக்கச் சாக்கு அல்ல. பெட்ரோலியச் சேமிப்பு ஆராய்ச்சிச் சங்கம் என்று மத்திய அரசின் அமைப்பு ஒன்று 1978 முதல் இருக்கிறது. மணிக்கு 80 கிலோ மீட்டரில் போவதைவிட 45 முதல் 55க்குள் போனால் கார்களில் 40 சதவீதம் வரை கூடுதல் மைலேஜ் கிடைக்கும் என்று அது சொல்லி வருகிறது. டயரில் காற்று கால் பங்கு குறைந்தால் எரிபொருள் 5 முதல் 10 சதவீதம் வரை வீணாகும் என்றும் சொல்கிறது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாக ஏறுவது. 60லிருந்து 80க்குப் போனால் எதிர்ப்பு முக்கால் மடங்குக்கு மேல் கூடிவிடும். கேபினுக்கு மேல் உயரமாகக் கூடைகளை அடுக்கித் தார்ப்பாய் படபடக்கப் போகும் வண்டிக்கு இது இன்னும் மோசம். தார்ப்பாயை இழுத்துக் கட்டுவதற்குக் காசு செலவில்லை.

இறக்கத்தில் நியூட்ரலில் விடும் பழக்கம் ஒன்று நம் டிரைவர்களிடம் ஊறிக் கிடக்கிறது. பழைய எஞ்சின் காலத்து நம்பிக்கை அது. இன்றைய கம்ப்யூட்டர் எஞ்சினில், கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் டீசல் அடியோடு நிற்கும். நியூட்ரலில் போட்டால்தான் எஞ்சின் அணையாமல் இருக்க டீசல் குடிக்கும். பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும் ஆபத்தும் உண்டு. மொகிலி இறக்கத்தில் நடந்த விபத்துகளைப் பேப்பரில் படித்தவர்களுக்கு நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

புது வண்டிக்கு இன்னும் இரண்டு விஷயம். முதல் சில ஆயிரம் கிலோ மீட்டர் வரை எஞ்சினின் பாகங்கள் ஒன்றோடொன்று பழகிக்கொண்டிருக்கும். அப்போது மைலேஜ் சற்றுக் குறைவாகத்தான் இருக்கும். 2020 ஏப்ரல் 1 முதல் வந்த பிஎஸ்-6 டீசல் வண்டிகளில் பெரும்பாலானவற்றில், புகைக்குழாயில் கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. அது நிரம்பியதும் எஞ்சின் தானே கூடுதல் டீசல் செலவிட்டு அந்தக் கரியை எரிக்கும். ஊருக்குள்ளேயே கடை கடையாக நின்று போகும் வண்டிக்கு இது அடிக்கடி நடக்கும். பாதியில் சாவியைத் திருப்பி அணைத்துவிட்டால் மறுபடி முதலிலிருந்து. விற்கும்போது இதை யாரும் விளக்குவதில்லை. டிரைவருக்கு விளக்குவது முதலாளியின் கடமை என்றும் யாரும் நினைப்பதில்லை.

பிடித்தம் பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது? நஷ்டத்துக்காகச் சம்பளத்தில் கை வைக்குமுன் தொழிலாளி விளக்கம் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும் என்று 1936ஆம் ஆண்டின் சம்பளப் பட்டுவாடாச் சட்டமே சொன்னது. அதன் இடத்துக்கு வந்த 2019ஆம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அந்த விதி உண்டு. ஸ்டாண்டில் வைத்து 'எங்கேடா போச்சு' என்று கேட்பது விளக்கம் கேட்டதாகுமா என்பதை வாசகர்களே சொல்லட்டும்.

அன்று அந்த இருவரிடமும் நான் ஒரு நாற்பது பக்க நோட்டை வாங்கி வைக்கச் சொன்னேன். தேதி, மீட்டர், லிட்டர், லோடு என்று நாலு பத்தி. முதல் மாதம் ஐந்து நிரப்பல்கள். 2,506 கிலோ மீட்டருக்கு 211.4 லிட்டர். வகுத்தால் 11.85. ஆலை வரிசையில் நின்ற வாரத்தில் பத்துக்கும் கீழே போயிருந்தது. அடுத்த மாதம் டயர்க் காற்றை வாரம் ஒரு முறை பார்த்தார்கள், ஏர் பில்டரை மாற்றினார்கள், பையனும் 60ஐத் தாண்டாமல் ஓட்டினான்; 12.9 வந்தது. மாதத்துக்கு 17 லிட்டர் மிச்சம், சுமார் 1,600 ரூபாய். பதினேழு மட்டும் வரவில்லை. வராது என்பதை முதலாளி இப்போது ஒப்புக்கொள்கிறார். பிடித்ததில் 1,000 ரூபாயைத் திருப்பியும் கொடுத்துவிட்டார்.

பாக்கி 800க்குப் பேச்சு நடக்கிறது. நோட்டை நான் போன வாரம் பார்த்தேன். மூன்று பத்தியும் ஒழுங்காக நிரம்பியிருக்கிறது. லோடு என்று தலைப்பிட்ட நாலாவது பத்தி மட்டும் காலி. ஏன் என்று கேட்டேன். "ஓனர் வேண்டாம்ட்டாரு சார்" என்றான் பையன். 1.2 டன் வண்டியில் மண்டியிலிருந்து எத்தனை டன் ஏறுகிறது என்பது எழுத்தில் இருப்பதை அவர் விரும்பவில்லையாம்.