ஒரு படத்துக்கு இரண்டு நாள் கூலியா?

சினிமா தியேட்டருக்குள் நுழைவது நமக்கு உரிமைப் பிரச்சினையாகவும் இருந்திருக்கிறது. சாதியின் பேரால் யாரையும் தடுக்கக் கூடாத இடங்களை அரசியல் சட்டத்தின் 15(2) பிரிவு சொல்கிறது. கடை, உணவகம், தங்கும் விடுதி ஆகியவற்றோடு பொதுக் கேளிக்கை இடங்களும் அதில் உண்டு. தீண்டாமையைக் காட்டி அங்கே தடுப்பதை 1955ஆம் ஆண்டுச் சட்டம் தண்டனைக்குரிய குற்றமாக்கியது.

கோயிலிலும் டீக்கடையிலும் ஊர் வேறு, சேரி வேறு என்றிருந்த காலத்தில், டிக்கெட் வாங்கிய எவரும் உட்காரலாம் என்றது சினிமாக் கொட்டகை. தமிழர் எல்லாரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்த முதல் கலையரங்கம் அதுதான் என்று ஈழத்து அறிஞர் கார்த்திகேசு சிவத்தம்பி 1981இல் எழுதினார். தரையா, பெஞ்சா, நாற்காலியா என்பதைக் கையிலிருந்த காசு முடிவு செய்தது.

இன்று அந்தக் காசே குறுக்கே நிற்கிறது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். மல்டிபிளெக்ஸ் டிக்கெட்டுக்கு 2017 அக்டோபரில் அரசு வைத்த உச்ச விலை 150 ரூபாய். 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 177. நான்கு பேருக்கு 708 ரூபாய். உள்ளாட்சிக் கேளிக்கை வரி, பஸ் செலவு, இடைவேளைத் தின்பண்டம் எல்லாம் தனி. 2025-26இல் தமிழ்நாட்டின் நூறு நாள் வேலைக் கூலி 336 ரூபாய். இரண்டு நாள் கூலியைக் கொடுத்தாலும் ஒரு படத்துக்குப் போதாது. நடவுக்கும் அறுப்புக்கும் இயந்திரம் வந்து வேலை நாட்கள் சுருங்கிய டெல்டாவில், எந்தக் கூலிக் குடும்பம் இதற்குத் துணியும்? 'பரியேறும் பெருமாள்', 'கர்ணன்' என்று நம் வாழ்க்கை திரைக்கு வந்துவிட்டது. நம் பெற்றோர்தான் திரைக்கு முன்னால் இல்லை.

டிக்கெட் வாங்கியும் வாசலில் நிறுத்தப்பட்டவர்கள் உண்டு. 2023 மார்ச் 30 அன்று சென்னை ரோகிணி தியேட்டரில் 'பத்து தல' பார்க்க வந்த நரிக்குறவர் குடும்பத்தை ஊழியர்கள் தடுத்தார்கள். யு/ஏ படத்துக்குக் குழந்தைகளை அனுமதிக்க முடியாது என்று நிர்வாகம் விளக்கம் சொன்னது. பெற்றோருடன் வரும் குழந்தைகள் யு/ஏ படம் பார்க்கலாம் என்பதே விதி. எதிர்ப்பு எழுந்த பிறகே அவர்களை உள்ளே விட்டார்கள்.

நாம் இலவசம் கேட்கவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் 100 ரூபாய் வரையுள்ள டிக்கெட்டுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான். தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி தியேட்டர்கள் ஒவ்வொரு காட்சியிலும் பத்தில் ஒரு பங்கு இருக்கையை 80 ரூபாய்க்கு ஒதுக்கட்டும். ஜி.எஸ்.டி.யோடு 84 ரூபாய். நான்கு பேருக்கு 336. ஒரு நாள் கூலியில் ஒரு குடும்பம் படம் பார்த்துவிடும். தியேட்டருக்கு உரிமம் தரும் மாவட்ட ஆட்சியர்கள் உரிமையாளர்களை அழைத்துப் பேச வேண்டும்.

மாணவர்களுக்கு ஒன்று: தியேட்டரில் தூய குடிநீரை இலவசமாகத் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரி 3 அன்று கூறியிருக்கிறது. தயங்காமல் கேளுங்கள். கேட்டுப் பழகினால்தான் அடுத்ததையும் கேட்க முடியும்.